கடல் முயலும் ஒரு வெள்ளிக்கிழமைப் படகும்

நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் என்னுடைய வெள்ளிக்கிழமைகள் அரை நித்திரையில்தான் கழிந்தன. கடற்பயணம் எனக்கு ஒத்துவராது. தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். வாந்தி வராமலிருக்க ஏறும் முன் ஒரு சின்ன மாத்திரை போடுவேன். அது வயிற்றை அடக்கும், கூடவே கண்ணையும் மூடிவிடும். என்ஜின் சத்தம் தூரத்தில் எங்கோ மா இடிக்கும் சத்தம் போலாகும். பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வரும். இறங்குதுறையில் யாராவது தோளைத் தட்டி, “ரீச்சர், வந்திட்டுது” என்று சொல்லும்போதுதான் முழுதாக விழிப்பேன்.

ஆகையால் இங்கே எழுதப்போகும் பயணத்தில் நானே கண்டது பாதிதான். மீதியை என்னோடு வந்த இரண்டு பெண்கள் பிறகு சொல்லக் கேட்டு நிரப்பிக்கொண்டேன். அவர்கள் நன்றாக விழித்திருந்தார்கள்.

அந்த இரண்டு பெண்களும் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர்கள். மூத்தவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது, கலியாணம் செய்யாதவர். ஆடு வளர்த்தார், பனங்கிழங்கு பிடுங்கி ஒடியல் காயவைத்தார், கோயிலுக்குப் பூக்கட்டினார். நான் அவரை அக்கா என்பேன். இளையவள் அவருடைய தம்பியின் மனைவி. எனக்கும் இளையவள் என்பதால் தங்கச்சி என்று கூப்பிடுவேன். தம்பி வளைகுடா நாடொன்றில் வேலை செய்தார், லீவுக்கு வந்துபோவார். நான் அந்த வீட்டுக்குப் போனபோது தங்கச்சி முதற்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

அந்த இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. பெரிதாகச் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. கணவன் லீவில் நின்ற சமயம், இனிக் கட்டும் வீட்டை யாழ்ப்பாணம் டவுன் பக்கமாகக் கட்டுவோம், பிள்ளையின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் வசதி என்று தங்கச்சி கேட்டிருக்கிறாள். குசினியில் நின்ற அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. அவர் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் தங்கச்சியும் நிறுத்திவிட்டாள். ஒரே பானையில் சோறு, ஒரே கிணற்றில் குளிப்பு, ஒரே சுவாமிப் படத்துக்கு விளக்கு. கதை மட்டும் இல்லை.

நான் போனபிறகு அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது.

“ரீச்சர், புட்டு ஆறுது எண்டு சொல்லும்” என்பார் அக்கா. யாருக்குச் சொல்வது என்று கேட்கத் தேவையில்லை. அவள் எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பாள்.

“புட்டு ஆறுதாம்” என்பேன் நான்.

“பசிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ.”

“பசிக்கேல்லையாம், அக்கா.”

“வயித்துக்குள்ளை இருக்கிறதுக்குப் பசிக்கும் எண்டு சொல்லும்.”

தங்கச்சி சாப்பிடுவாள். முதல் சில நாட்கள் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு ஒருநாள் அறையில் தனியே படுத்திருந்தபோது, இந்த வீட்டின் சொல்லெல்லாம் என் வாயால்தான் போய்வருகிறது என்று நினைத்து மனம் பாரமாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தோடு கூடவே நான் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்தேன். நான் எடுத்த விடயம் கடல் முயல். அது முயலும் இல்லை, மீனும் இல்லை. ஓடு வெளியே தெரியாத ஒருவகைக் கடல் நத்தை. தலையில் இரண்டு மடல்கள் முயற்காதுபோல் நிமிர்ந்து நிற்கும். சீண்டினால் ஊதா நிறத்தில் மை விடும். தீவில் மீன் பிடிப்பவர்களைக் கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது. விலை போகாத ஒன்றுக்கு யார் பெயர் வைப்பார்கள்? மாரி மழை ஓய்ந்தபிறகு, கடல் வற்றும் நேரத்தில், மேற்குக் கரையின் கற்களுக்கும் சாதாழை என்ற கடற்புல்லுக்கும் நடுவே அவை மெல்ல மேய்ந்துகொண்டிருக்கும். முழங்கால் தண்ணீரில் நான் வாளியோடு நடப்பேன். கரையில் தீவின் காட்டுக் குதிரைகள் நின்று என்னைப் பார்க்கும். அந்த வெளிச்சத்தில், தெளிந்த தண்ணீரில், பாசியோடு பாசியாக ஒரு முதுகு அசைவதைக் கண்டுபிடிப்பது கனவில் தொலைந்த ஒரு பொருளைக் கண்டெடுப்பது போலிருக்கும்.

கொண்டுவந்தவற்றைக் கிணற்றடியில் பெரிய பிளாஸ்ரிக் தொட்டியொன்றில் கடல் தண்ணீர் நிரப்பி விட்டுவைத்தேன். அக்காவுக்கு அருவருப்பு.

“என்ன சனியனுகளை ரீச்சர் பிடிச்சுக்கொண்டு வாறீர்? தின்னவும் ஏலாது, பார்க்கவும் ஏலாது.”

தங்கச்சிக்கு அப்படியில்லை. பின்னேரங்களில் ஒரு குட்டிக் கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பார்த்திருப்பாள். ஏழாம் மாதம் கடந்திருந்தது. அவளுடைய நடையும் அப்போது மெதுவாகத்தான் இருந்தது.

“உதுகளிலை என்னத்தைத் தேடுறீங்கள்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“உதுகளின்ரை நரம்புக்குள்ளை ஓமோன் மாதிரி ஒரு சாமான் இருக்கு. பெப்தைட்டு எண்டு சொல்லுறது. அதைத்தான்.”

“நரம்புக்குள்ளை ஓமோனோ?”

“ஓம். உடம்புக்குள்ளை செய்தி போறதுக்கு ரெண்டு வழி தெரியும்தானே. ஒண்டு நரம்பு, கரண்ட் மாதிரி உடனை போகும். மற்றது ஓமோன், இரத்தத்தோடை கலந்து ஆறுதலாய்ப் போகும். இதுகளிலை நரம்புக்கலமே ஓமோனைச் சுரந்து இரத்தத்துக்குள்ளை விடுது. அது போய்ச் சேர்ந்த உடனை இது முட்டையிடத் தொடங்கீடும்.”

அவள் தொட்டியைப் பார்த்தாள். “விரும்பி இடுறேல்லையோ அப்ப?”

ஆய்வுகூடத்தில் நான் கண்டதைச் சொன்னேன். பயறு அளவிலான ஒரு நரம்புத்திரட்டு. அதன்மேல் பைபோல் இரண்டு கொத்து நரம்புக்கலங்கள். அவற்றின் சாற்றை எடுத்து இன்னொரு கடல் முயலுக்கு ஊசியால் ஏற்றினோம். அது அதுவரை பாசியைத் தின்றுகொண்டு கண்ணாடித் தொட்டி முழுக்க அலைந்து திரிந்தது. சற்று நேரத்தில் தின்பதை விட்டது. நடப்பதை விட்டது. கண்ணாடியில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு தலையை இடமும் வலமுமாக அசைக்கத் தொடங்கியது, தாலாட்டைத் தானே கேட்பது போல. பிறகு உடம்பிலிருந்து நூல்போல் ஒரு முட்டைச் சரம் வர, அதை வாயால் பற்றி, தலையை ஆட்டி ஆட்டி, சுருள் சுருளாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே போனது. வெளியே எங்கோ புல் வெட்டும் இயந்திரம் ஓடியதும் நின்றதும் மட்டும் ஞாபகம்.

“அந்த முட்டைச் சரத்திலை இருந்தும் ஒரு பெப்தைட்டு தண்ணியிலை கலக்கும்” என்றேன். “அதின்ரை மணத்துக்கு மற்றக் கடல் முயலுகள் தேடி வரும். ஒண்டு இட்டால் கூட்டமாய் வந்து நிண்டு அதுகளும் இடும்.”

“துணைக்கு வருதுகளோ?”

“அப்பிடி எழுத ஏலாது தங்கச்சி. ஆனா வருதுகள்.”

“நோகுமோ உதுகளுக்கு?”

“தெரியேல்லை.”

“எனக்குப் பயமாயிருக்கு” என்றாள் மெல்லிய குரலில். தொட்டிக்குள் ஒன்று மற்றதன் முதுகின்மேல் ஊர்ந்துபோனது. குசினிக்குள் அக்கா தேங்காய் துருவும் சத்தம் சட்டென்று நின்றது. அவருக்கு அது கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். சற்றுப் பொறுத்துத் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

நெடுந்தீவில் ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் தலைப்பிள்ளை என்றால் நாள் நெருங்க முன்னமே கடலைக் கடந்து, யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் நிற்பதுதான் வழக்கம். மகப்பேற்றுக்குப் பொறுப்பான மிட்வைப் வந்து பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சி புறப்பட வேண்டிய கிழமையில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வந்தது. காற்று தென்னோலைகளைப் பிய்த்துப் போட்டது. படகு ஓடவில்லை. பள்ளிக்கூடமும் இல்லை. சனி, ஞாயிறுக்கு வீட்டுக்குப் போகமுடியாமல் நானும் தீவிலேயே நின்றுவிட்டேன். நாங்கள் மூவரும் கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். இரண்டு பேர் ஒருவரோடொருவர் கதைக்காத ஒரு வீட்டில் மழை பெய்தால் மழைச் சத்தம் மற்ற வீடுகளைவிடக் கூடுதலாகக் கேட்கும்.

காற்று விழுந்து முதற்படகு ஓடியது அடுத்த வெள்ளிக்கிழமை காலையில். கடல் அப்படி ஓய்ந்து கிடந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பால் நிறம். வானமும் அதே நிறம். இரண்டுக்கும் நடுவே கோடு தெரியவில்லை. இறங்குதுறைக் கல்லில் நின்று பார்த்தபோது, கட்டியிருந்த படகுகள் ஆகாயத்தில் தொங்குவதுபோல் தெரிந்தன.

தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போவது யார் என்று முதல்நாள் என் வழியாகத்தான் பேச்சு நடந்தது. “நான் போவன் எண்டு சொல்லும்” என்றார் அக்கா. “வேண்டாம், ரீச்சர் போறாதானே எண்டு சொல்லுங்கோ” என்றாள் தங்கச்சி. “ரீச்சருக்குப் படகிலை நித்திரை எண்டு சொல்லும்.” அதற்கு மறுப்புச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வழியிருக்கவில்லை. அக்கா ஆடுகளைப் பக்கத்து வீட்டில் பொறுப்புக்கொடுத்துவிட்டு வந்தார்.

நான் ஒரு மூடி போட்ட வாளியில் கடல் முயல்களையும் கொண்டுவந்தேன். காற்றுக்காலத்தில் தொட்டியில் பல செத்துவிட்டன. எஞ்சிய மூன்றையும் அன்றைக்கே ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். பற்றரியில் ஓடும் சின்ன மோட்டர் ஒன்று வாளிக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. படகில் பெஞ்சின் நடுவே தங்கச்சி, அவளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அக்கா. வாளி என் கால்களுக்கிடையில். காலையிலிருந்து இடுப்பு நோகுது என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். படுத்துப் படுத்தே நாரி பிடித்துவிட்டது என்று அவளே காரணமும் சொன்னாள். நாங்கள் நம்பினோம்.

மாத்திரை என்னை இழுத்துக்கொண்டு போனது. இடையில் ஒருமுறை கண் திறந்தேன். வாளியின் மூடி சற்று விலகியிருந்தது. உள்ளே பெரிய கடல் முயல் சுவரில் ஏறி ஒட்டியிருந்தது. தலை இடமும் வலமுமாக அசைந்தது. மஞ்சள் நூல் ஒன்று வளைந்து வளைந்து பிளாஸ்ரிக்கில் படிந்துகொண்டிருந்தது. ஊசி போடாமல், யாரும் ஒன்றும் செய்யாமல், தானாக. பார்க்க வடிவாயிருந்தது. இதைக் குறித்துவைக்க வேண்டும் என்று நினைத்தேன். கை எழவில்லை. மறுபடி கண் மூடிவிட்டது. மூடிய கண்ணுக்குள்ளும் அந்த மஞ்சள் நூல் தொடர்ந்து சுருண்டுகொண்டு போனது. படகு அதன்மேல் ஓடுவதுபோல் இருந்தது.

அடுத்தமுறை கண் திறந்தபோது தங்கச்சியின் தலை அசைவதைக் கண்டேன். கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, மெல்ல இடமும் வலமுமாக. முன்பு கண்டதன் மிச்சக் கனவு என்றுதான் எண்ணினேன். என் செருப்பு நனைந்திருந்தது. வாளி ஊற்றுண்டுபோனது என்று நினைத்தேன்.

வாளி ஊற்றுப்படவில்லை. பன்னீர்க்குடம் உடைந்திருந்தது.

“ரீச்சர்” என்று அக்காவின் குரல் வந்தது. “ரீச்சர், அவவை என்ரை தோளிலை சாயச் சொல்லும்.”

எனக்கு அது தெளிவாகக் கேட்டது. சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. என் நாக்கு எங்கோ ஆழத்தில் கிடந்தது. அதைத் தூக்கி எடுக்க முடியவில்லை.

“ரீச்சர்! சொல்லுமன் அவவுக்கு!”

நான் ஒன்றும் சொல்லவில்லையாம். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தேனாம். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அதற்குப்பிறகு நடந்ததைத் தங்கச்சி எனக்குச் சொன்னாள். அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாராம். பிறகு பெஞ்சிலிருந்து இறங்கி, அந்த நனைந்த பலகையிலேயே முழந்தாளில் நின்று, அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாராம்.

“பிள்ளை, என்னை இறுக்கிப் பிடி” என்றாராம். “நோகேக்கை கத்து. கடலிலை ஆர் கேக்கப்போகினம்.”

“மச்சாள்…” என்று சொல்ல வந்து தங்கச்சிக்கு அழுகைதான் வந்ததாம்.

“நான் நிக்கிறன்தானே. பிடி.”

வீட்டில் அவளை ‘அவ’ என்றே சொல்லிவந்த அக்கா அன்றைக்குப் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டார். தங்கச்சி சொன்னாள், நோவைவிட அந்தச் சொல்தான் தன்னை முதலில் உடைத்தது என்று.

எனக்கு நினைவிருப்பது வேறொன்று. படகின் முன்பக்கத்திலிருந்தும் கீழ்த்தட்டிலிருந்தும் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. வங்கியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை தன் குடையை விரித்துப் பிடித்தாள். மீன் விற்கப் போன அம்மா ஒருவர் ஒரு சேலையை மறைப்பாகக் கட்டினார். தெற்கிலிருந்து தீவைச் சுற்றிப்பார்க்க வந்து காற்றில் மாட்டுப்பட்ட சிங்களக் குடும்பத்தில் ஒரு வயதான பெண், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தங்கச்சியின் பின்னால் அமர்ந்து, இரு கைகளாலும் அவளின் இடுப்பை அழுத்தித் தேய்த்துவிட்டார். அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அக்கா தமிழில் பதில் சொன்னார். இருவரும் தொடர்ந்து அப்படியே கதைத்துக்கொண்டார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கைகள் நேரம் தவறாமல் மாறிக்கொண்டன. என் காலடியில், வாளிக்குள், மற்ற இரண்டு கடல் முயல்களும் அந்த மஞ்சள் சரத்தின் பக்கமாக வந்து சேர்ந்திருந்தன. அதை நான் உண்மையில் பார்த்தேனா, பார்த்ததாகக் கனவு கண்டேனா என்பதை இன்றுவரை என்னால் அறுதியாகச் சொல்ல முடியவில்லை.

படகோட்டி தொலைபேசியில் கத்திக் கத்தி அம்புலன்ஸைக் குறிகட்டுவானுக்கு வரவைத்திருந்தார். இறங்கும்போது கரையில் அடித்த வெயில் என்னை எழுப்பிவிட்டது. தங்கச்சியைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். அக்கா ஏறினார். நானும் ஏறினேன். புங்குடுதீவு, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி என்று இடங்கள் பின்னால் போயின. பண்ணைப் பாலத்தில் இரு பக்கமும் தண்ணீர் மினுங்கியது. தங்கச்சி அக்காவின் மடியில் தலை வைத்திருந்தாள்.

“மச்சாள், ஆடுகள்?” என்று இடையில் கேட்டாள்.

“ஆடுகளை விடு. மூச்சை எடு” என்றார் அக்கா.

எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஒரு சொல்லும் இல்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். அக்கா போனார். நான் வெளியே நீளமான வாங்கில் இருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு அவர் தேத்தண்ணி குடிக்க வெளியே வந்தார். தலைமயிர் கலைந்து, கழுத்தில் நகக் கீறல்களோடு இருந்தார்.

“நோ நிண்டு போச்சுது ரீச்சர்” என்றார். “பிள்ளை களைச்சுப் போட்டாள். இப்ப சேலைனுக்குள்ளை ஒரு மருந்து விட்டிருக்கினம், நோ வரப்பண்ண. அது நல்லதே?”

“நல்லது அக்கா. அது எங்கடை மூளையிலை தானாய்ச் சுரக்கிறதுதான். ஒட்சிரோசின் எண்டு பெயர். இப்ப அது போதாமல் போனதாலை வெளியிலை இருந்து குடுக்கினம்.”

“என்ன மாதிரிச் சாமான் அது?”

நான் அவருடைய பூக்கட்டும் விரல்களைப் பார்த்தேன். “சின்னச் சரம் மாதிரி அக்கா. ஒன்பது மணி கோத்தது. மணி எண்டுறது அமினோ அமிலம். அதுகளைத்தான் வரிசையாய்க் கோத்திருக்கு.”

“ஒன்பதே? அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான். நான் கடலிலை பிடிக்கிற அதுகளின்ரை நரம்பிலும் இதுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கு. அதுவும் ஒன்பது மணி. சில மணி மட்டும் வேறை.”

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை இறக்கி வைத்தார். “உந்தச் சனியனுகளிலையோ?”

“ஓம்.”

“சொந்தமெண்டால் எத்தினையாம் தலைமுறைச் சொந்தம்?”

“எண்ண ஏலாது அக்கா. அவ்வளவு பழசு. எலும்பு எண்டு ஒண்டு உண்டாக முந்தியே அந்தச் சரம் இருந்திருக்கு.”

அவர் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடினார். உறங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறக்காமலே, “எங்கை ரீச்சர் உம்மடை வாளி?” என்றார்.

வாளி படகில் இருந்தது.

அன்றைக்கு அழவேண்டியவள் நான்தான். ஒரு பருவத்தின் உழைப்பு அந்த வாளிக்குள் இருந்தது. படகோட்டிக்குத் தொலைபேசி எடுத்தேன். “ரீச்சர், உங்கடை வாளிக்குள்ளை மஞ்சளாய் நூல் மாதிரி என்னவோ படிஞ்சு போய்க் கிடந்தது” என்றார் அவர். “பழுதாய்ப் போச்சாக்கும் எண்டு இறங்குதுறையிலை கடலுக்குள்ளை கொட்டிப்போட்டன். யோசியாதையுங்கோ, வாளியை வடிவாய்க் கழுவி வைச்சிருக்கிறன்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாங்கில் தனியே இருந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்து, “என்ன பிள்ளை?” என்று கேட்டார்கள். அப்போது இன்னும் பிறக்கவில்லை.

பின்னேரம் பிறந்தது, பெண்பிள்ளை. அக்கா வெளியே வந்து என் முன்னால் நின்றார். வாய் திறந்து மூடியது. கடைசியில் கையால் ஒரு அளவைக் காட்டினார், இவ்வளவுதான் என்று. தம்பிக்கு வீடியோவில் அழைப்பெடுத்துத் தொலைபேசியை அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். தம்பி வெகுநேரம் ஆஸ்பத்திரியின் மின்விசிறியைத்தான் பார்த்திருப்பார். “வடிவாயிருக்கிறாளடா, வடிவாயிருக்கிறாள்” என்று அக்கா விசிறிக்குக் கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர்கள் டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை அக்காவும் அங்கேயே நின்றார். லீவு நாட்களில் நான் போவேன். மத்தியான வெயிலில் அந்த அறை மங்கலாக இருக்கும். யன்னல் திரை மெல்ல உப்பி அமரும். தங்கச்சி கட்டிலில் சாய்ந்து பால் கொடுப்பாள். அக்கா நிலத்தில் பாயில் படுத்திருப்பார். நான் கதிரையில் இருப்பேன். மூவரும் நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவே எங்கோ கிடப்போம். நேரம் போவது தெரியாது.

ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. தங்கச்சியின் மகள் ஆழ்ந்த நித்திரையில் இருந்தாள். ஆனால் தங்கச்சியின் சட்டை நனைந்துவிட்டது.

“ஐயோ, இது வேறை ஆற்றையோ பிள்ளை” என்று அவள் சிரித்தாள்.

“உடம்புக்கு அது விளங்காது” என்றேன். “அழுகை காதிலை விழுந்த உடனை மூளை சரத்தை விட்டிடும். பால் இறங்கீடும்.”

“அந்த ஒன்பது மணியோ?” என்று பாயிலிருந்து அக்கா கேட்டார்.

“அதுதான் அக்கா.”

“அது நோவுக்கெண்டெல்லோ சொன்னீர்?”

“நோவுக்கும் அதுதான். பாலுக்கும் அதுதான்.”

அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். திரை உப்பி அமர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பாராமல் சொன்னார்:

“டவுனிலையே வீட்டைக் கட்டுங்கோ.”

குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்த தங்கச்சியின் கை நின்றுவிட்டது.

“எனக்கும் ஒரு அறை வையுங்கோ” என்றார் அக்கா. “ஆனா நான் இருக்கமாட்டன். இஞ்சை இரவிலை கடல் கேக்காது. நித்திரை கொள்ள ஏலாது. வந்து வந்து போறன்.”

“நீங்கள் தனிய அங்கை…”

“எனக்கென்ன தனிமை? ஆடு நிக்குது. ரீச்சர் நிக்கிறா.”

வீடு கட்டி முடிய இரண்டு வருசத்துக்கு மேல் சென்றது. அடுத்த தையில் நான் மறுபடி வாளியோடு மேற்குக் கரைக்குப் போனேன். தவறிய பருவத்தைப் பற்றி என் மேற்பார்வையாளர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. காரணத்தைக் கேட்டு, “நல்ல காரணம்” என்று மட்டும் சொன்னார். அந்தமுறை அக்கா கிணற்றடித் தொட்டிக்கு நிழலாக ஓலை வைத்துக்கொடுத்தார். ஆய்வு முடிந்தது, கட்டுரையும் எழுதினேன். படகில் அந்தக் கடல் முயல் தானாக முட்டையிட்டதைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. அரை நித்திரையில் கண்டதற்கு ஆதாரம் என்ன காட்டுவது?

பிறகு எனக்கு இடமாற்றம் கிடைத்துக் கரைக்கு வந்துவிட்டேன். ஆனால் தங்கச்சியின் வீடு என் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. போன கிழமையும் போனேன். மகள் தரையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். பின்னேரம் அக்காவின் அழைப்பு வந்தது. நாள் தவறாமல் அந்த நேரத்துக்கு வருமாம். தங்கச்சி தொலைபேசியைச் சத்தமாக வைத்து, வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

“மழையே அங்கை?” என்று கேட்டார் அக்கா.

“இல்லை மச்சாள். அங்கை?”

“மூடிக்கொண்டு நிக்குது. பெய்யேல்லை.”

“ஆடு குட்டி போட்டிட்டுதோ?”

“ரெண்டும் கிடாய்.”

பிறகு இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. தொலைபேசிக்குள்ளிருந்து கடற்காற்று இரைந்துகொண்டிருந்தது. தங்கச்சி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“என்ன கறி?” என்றார் அக்கா.